பெரிய கடையை விட்டால் எங்கே வாங்குவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். கணவர் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறார். நான் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு பிள்ளைகள். மாதச் சாமான் செலவு 9,000 ரூபாயைத் தொடுகிறது. இரண்டு ஆண்டுகளாக எல்லாவற்றையும் மெயின் ரோட்டில் திறந்த பெரிய சூப்பர் மார்க்கெட்டில்தான் வாங்குகிறேன். என் அண்ணன் மகள் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் கடை திறப்பதிலிருந்து இரவு மூடும்வரை நின்றபடியே வேலை. உட்காரக் கூடாதாம். கால் வீங்கி வந்து படுக்கிறாள். அவளைப் பார்த்ததிலிருந்து பெரிய கடைகளில் பணம் கொடுக்கவே மனம் உறுத்துகிறது. மாற்று வழி என்ன? என் கணவரோ, "சின்னக் கடைக்காரர்கள் மட்டும் யோக்கியமா? பில் கிடையாது, எடையும் சந்தேகம்" என்கிறார். எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் 1,400 ரூபாய் பழைய பாக்கி வேறு இருக்கிறது. அதனாலேயே அந்த வழியாகப் போவதைத் தவிர்க்கிறேன். என்ன செய்யலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில் (நுகர்வோர் ஆலோசகர்):

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த 1,400 ரூபாயைத் தீர்த்துவிடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் இந்த மாதம் 700, அடுத்த மாதம் 700. நேரில் போய், "தாமதமாகிவிட்டது அண்ணாச்சி, மீதியை அடுத்த மாதம் தருகிறேன்" என்று சொன்னால் போதும். சின்ன மளிகைக் கடைக்காரருக்கு நோட்டில் நிற்கும் பாக்கிதான் முடங்கிய முதல். அவரும் மண்ணடி, சௌகார்பேட்டைப் பக்கத்து மொத்த வியாபாரியிடம் தவணை சொல்லித்தான் சரக்கு எடுத்து வருகிறார். விட்டுப்போன வாடிக்கையாளர் திரும்பி வந்தால் அவருக்கு அந்தத் தொகையைவிட அதுதான் பெரிது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் கீழே எழுதப்போகும் எதுவும், கடையில் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்க உங்களால் முடியும் என்பதை நம்பித்தான் இருக்கிறது. பாக்கி வைத்திருப்பவரால் தராசைப் பற்றி வாய்திறக்க முடியாது.

உங்கள் கணவர் கேட்டது சரியான கேள்வி. சின்னது என்பதாலேயே ஒன்று நியாயமானதாகிவிடாது. நமக்கு அரிசி வருகிற செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976இல். அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் இந்த மீட்புகள் நடந்தன. வடசென்னையின் சந்துகளில் பை தைக்கும் பட்டறைகளிலிருந்து வெளிமாநிலச் சிறுவர்கள் மீட்கப்பட்ட செய்திகளையும் நாம் படித்திருக்கிறோம். அந்த ஆலைகளும் பட்டறைகளும் பெருநிறுவனங்கள் அல்ல. பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் இடங்கள். அதனால் கடையின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான் பார்ப்பது இரண்டைத்தான்: பொருளை உண்டாக்கியவருக்கும் அதை எடுத்துக் கொடுப்பவருக்கும் உரிய பங்கு போகிறதா? தவறு நடந்தால் முகம் கொடுத்துப் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரா? இந்த இரண்டையும் உங்கள் மாதப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் பொருத்திப் பார்த்தால், சிலவற்றுக்குத் தெளிவான மாற்று கிடைக்கும். சிலவற்றுக்குக் கிடைக்காது. கிடைக்காதவற்றுக்காக வருந்த வேண்டியதில்லை.

கையில் இருப்பதிலிருந்து தொடங்குவோம். ரேஷன் அட்டை இருக்கும் என்று நினைக்கிறேன். அரிசி மட்டும் வாங்கிவிட்டு மற்றதை விட்டுவிடும் குடும்பங்கள் நம் பகுதியில் ஏராளம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பது அரசு மானிய விலை. அதே கடையில் கிடைக்கும் ஊட்டி டீ, நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள் உறுப்பினர்களாக உள்ள கூட்டுறவு ஆலைகளின் தேயிலை. மாதத்தில் ஒரு பாக்கெட் அதை வாங்குவது, நீங்கள் தேடுகிற நியாயமான வியாபாரத்துக்கு மிக நெருங்கிய உதாரணம். அதற்குக் கூடுதல் செலவும் இல்லை. இருப்பு வரும் தேதியைக் கடை ஊழியரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் வீணாக அலைய வேண்டாம்.

கூட்டுறவு என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். சென்னையின் கூட்டுறவு வரலாறு தெரிந்தால் அப்படிச் சுளிக்க மாட்டோம். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் தொடங்கியது. நாட்டிலேயே மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவு அமைப்புகளில் ஒன்று அது. காமதேனு, சிந்தாமணி என்ற பெயர்களில் நகரில் நாம் பார்க்கும் அங்காடிகள் அந்த மரபில் வந்தவை. அவற்றில் சில கிளைகளில் அலமாரி பாதி காலியாக இருக்கும், கேட்ட பிராண்ட் இருக்காது, ஊழியர் நிமிர்ந்து பார்க்க நேரமாகும். இந்தக் குறைகள் உண்மை. ஆனால் அங்கே லாபம் தனியொருவர் பைக்குப் போவதில்லை. கணக்குத் தணிக்கை உண்டு, சங்கங்களை மேற்பார்க்கும் பதிவாளர் உண்டு, புகார் போக ஒரு மேல்நிலை உண்டு. 2013இல் கூட்டுறவுத் துறை தொடங்கிய பண்ணை பசுமைக் காய்கறிக் கடைகளும் இந்த வகையே. உங்களுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்த்து, பருப்பு, புளி, மிளகாய், மஞ்சள்தூளை ஒரு மாதம் அங்கே வாங்கிப் பாருங்கள்.

பாலுக்கு யோசிக்கவே வேண்டாம். ஆவின் முழுவதும் கிராமப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களின் மேல் நிற்கிறது. அதன் பால் பண்ணை நமக்குப் பக்கத்தில் மாதவரத்தில்தான் இருக்கிறது. சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டியில் மின்னும் தனியார் பால் பாக்கெட்டை எடுப்பதற்கு முன் இதை நினைத்துக்கொண்டால் போதும்.

காய்கறிக்கு வருகிறேன். இங்கேதான் நீங்கள் கொடுக்கும் பணம் ஒருவருடைய அன்றைய வாழ்க்கையை நேரடியாகத் தொடுகிறது. கொத்தவால்சாவடிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியது. அன்று முதல் வடசென்னைத் தெருவில் காய் விற்கும் பெண்கள், விடியுமுன் நகரத்தின் மறுபக்கம் போய், லோடு ஆட்டோவில் பங்கு போட்டு மூட்டையை ஏற்றி வருகிறார்கள். சரக்கு எடுக்கக் கையில் பணம் இருக்காது. தண்டல்காரரிடம் வாங்குவார்கள். ஆயிரம் ரூபாய்க்கு வட்டியை முதலிலேயே கழித்துக்கொண்டு குறைத்துக் கொடுத்து, முழு ஆயிரத்தையும் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வசூலிக்கும் முறை அது. மாலைக்குள் விற்காத கீரை குப்பைக்குப் போகும், தண்டல் பாக்கி மட்டும் குறையாமல் நிற்கும். அந்த அம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, குளிரூட்டிய கடையில் ஒட்டிய விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கும் வழக்கம் நம் எல்லாரிடமும் ஊறிப்போயிருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். கறிவேப்பிலைக் கொசுறு அவர் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதிகாரமாகக் கேட்க வேண்டாம்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யலாம். தெரு வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அடையாள அட்டை உண்டு. 2020இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதித் திட்டத்தில் அடமானமில்லாத வங்கிக் கடனும் உண்டு. தண்டலிலிருந்து வெளியே வர அது ஒரு கதவு. விண்ணப்பம் நிரப்பத் தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கடிதத்தின் எழுத்தைப் பார்த்தால் அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க உங்களால் முடியும் என்று தெரிகிறது. எத்தனை மாதம் காய் வாங்கினாலும் அவருக்குக் கிடைக்காத பலன் அந்த அரைமணி நேரத்தில் கிடைக்கலாம்.

மீனுக்கு, காசிமேடு நடக்கும் தூரத்தில் இருக்கும்போது உறைய வைத்த பொட்டலம் எதற்கு? ஏலத்தில் கூடை எடுத்துத் தெருவுக்கு வரும் அம்மாவிடம் வாங்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாள்களில் நாட்டுப் படகிலும் ஃபைபர் படகிலும் கரையோரம் பிடித்த நெத்திலி, மத்தி, காரப்பொடி கிடைக்கும். சிறு படகுக்காரர் வீட்டுக்குப் பணம் போவது அதில்தான். தடைக்காலத்திலும் பெரிய வஞ்சரம்தான் வேண்டும் என்று நின்றால், வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததைத்தான் கூடுதல் விலைக்கு வாங்குவீர்கள். குஞ்சு மீனாகப் பிடித்துக் குவித்து விற்பதை எந்தக் காலத்திலும் வாங்காதீர்கள்.

இனி மளிகை. உங்கள் கணவரின் சந்தேகங்களுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கடையில் உள்ள மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை போட வேண்டும், அதற்கான சான்றிதழும் கடையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. "முத்திரை எப்போது போட்டீர்கள் அண்ணாச்சி?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பொருளை வைக்குமுன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். பில் கேளுங்கள். அச்சடித்த பில் இல்லாவிட்டால், தேதி போட்டுக் கையால் எழுதி வாங்குங்கள். உங்கள் பழைய பாக்கிபோல எதிலும் குழப்பம் வராமலிருக்க அது அவருக்கும் நல்லது. கேட்டும் திருந்தாத கடை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கு மேலும் போக வேண்டுமானால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதல் பற்றிய புகாருக்குக் கட்டணம் கிடையாது. மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் நான் பார்ப்பது இது: பெரிய கடைமீது வழக்குப் போடத் துணிகிற அளவுக்கு, தெருக்கடையில் ஒரு வார்த்தை கேட்கத் துணிவதில்லை. தெரிந்தவர் என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தால் நல்ல கடைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் கெட்ட பெயர் வருகிறது.

விலை ஒப்பீடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 9,000 ரூபாயில் மாதச் சாமான் வாங்குகிறவருக்கு இதுதான் முக்கியம். பெரிய கடையில் "ஆஃபர்" போட்டிருப்பது பெரும்பாலும் பிஸ்கட், நூடுல்ஸ், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றுக்குத்தான். சிறிய பொட்டலத்துக்கும் பெரியதுக்கும் எது லாபம் என்று பார்க்க, பொட்டலத்தின்மேல் ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அப்படி அச்சிட வேண்டும் என்பது விதி. இன்னொன்று: மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் அரிசிக்கும் பருப்புக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. பெயர் அச்சிட்டு முன்கூட்டியே கட்டிய பொட்டலத்துக்கு, 25 கிலோ வரை, 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி. அரிசி மூட்டை திடீரென்று 26 கிலோவாக மாறியதன் காரணம் இதுதான். அண்ணாச்சி கடையில் உதிரியாக வாங்கும் துவரம் பருப்புக்கு அந்தச் சுமை இல்லை. ஒரே பட்டியலை இரண்டு கடையிலும் விலை கேட்டு எழுதிப் பாருங்கள். தேவையில்லாமல் வண்டியில் விழுந்தவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சூப்பர் மார்க்கெட்டின் மலிவு எவ்வளவு தூரம் உண்மை என்பதை அந்தத் தாள் சொல்லும். சில வீடுகளில் உண்மையாகவே மலிவாக இருக்கும். உங்களுடையது அப்படிப்பட்ட வீடாக இருந்தால், சலவைத் தூள், பற்பசை போன்ற பெருநிறுவனப் பொருள்களைத் தயங்காமல் அங்கேயே வாங்குங்கள். அவற்றை யார் விற்றாலும் செய்தவர் ஒருவரே, அதில் மனசாட்சிக்குப் பெரிய வேலை இல்லை. செக்கெண்ணெய் நல்லதுதான், ஆனால் உங்கள் வரவுக்கு மாதம் முழுவதும் கட்டாது. தாளிப்புக்கு மட்டும் கொஞ்சம் வாங்கினால் போதும்.

பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவரும் செயலிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. அவற்றுக்காகப் பொருள் கொண்டுவரும் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2023இல் நல வாரியம் அமைத்தது. வாரியம் வந்துவிட்டதால் சாலையில் அவர்கள் படும் அவசரம் குறைந்துவிடவில்லை. மருந்து போன்ற அவசரத்துக்குத் தவிர வேண்டாம்.

துணிக்கு நீங்கள் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருக்கிறீர்கள், தைக்கத் தெரிந்தவர். பிள்ளைகளின் அன்றாட உடைக்கு கொடவுன் தெருவில் மீட்டர் கணக்கில் துணி எடுத்து நீங்களே தைத்தால், ஆயத்த ஆடைக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு உங்கள் உழைப்பாக வீட்டிலேயே தங்கும். புடவை, வேட்டி, துண்டு, போர்வைக்குக் கோ-ஆப்டெக்ஸ். 1935இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அது. பண்டிகைக் காலத்தில் 30 சதவீதத் தள்ளுபடி தருவார்கள், மாதச் சேமிப்புத் திட்டமும் உண்டு. வெளிக்கடையில் கைத்தறி என்று சொல்லி விற்றால் கைத்தறி முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில வகைப் புடவை, வேட்டி, லுங்கி, ஜமக்காளம் உட்பட 11 இனங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. விசைத்தறியில் நெய்துவிட்டு அவற்றைக் கைத்தறி விலைக்கு விற்பது நெசவாளர் வயிற்றில் அடிப்பது. மலிவான ஆயத்த ஆடைக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. மேற்கு மாவட்ட நூற்பாலைகள் சிலவற்றில், திருமணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்று சொல்லி ஏழைப் பெண்பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போட்ட "சுமங்கலித் திட்டம்" பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு சட்டையின் விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால், யாரோ ஒருவருடைய கூலி அதில் குறைந்திருக்கிறது.

கடைசியாக, உங்கள் அண்ணன் மகள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பாதித்தது இதுதான். நீங்கள் பெரிய துணிக்கடைக்குப் போவதை நிறுத்தினால் அவளுக்கு நாற்காலி கிடைத்துவிடாது. சட்டப்படி அது அவளுக்கு ஏற்கெனவே உரியது. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் பல ஆண்டு போராடியதன் விளைவாக 2018இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஊழியர் வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும். ஆண்டு முழுவதும் கடை திறந்து வைக்க 2019 முதல் அனுமதி கொடுத்த அரசாணையிலும் வார விடுமுறை கட்டாயம். அன்றன்று விடுப்பில் இருக்கும் ஊழியர் விவரத்தைக் கடையில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. நாம் புடவை பார்க்கும்போது அந்தப் பட்டியல் சுவரில் இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

அவள் புகார் கொடுத்தால் வேலை போகும், வேண்டாம். வாடிக்கையாளரான நீங்கள் கொடுக்கலாம். எந்தக் கடையில் துணி எடுக்கப் போனாலும், "இந்தப் பொண்ணு உட்கார நாற்காலி எங்கே?" என்று தள மேலாளரிடம் எல்லார் காதிலும் விழும்படி கேளுங்கள். பிறகு தேதி, நேரம், எந்தத் தளம், எத்தனை பேர் நின்றார்கள், இருக்கை இருந்ததா, விடுப்புப் பட்டியல் இருந்ததா என்று எழுதி, தொழிலாளர் துறைக்கு மனு அனுப்புங்கள். அவள் வேலை செய்யும் கடையைப் பற்றி மட்டும் எழுதினால் யார் சொன்னார்கள் என்று தேடுவார்கள். அதே சாலையில் நான்கு கடைகளைச் சேர்த்து எழுதுங்கள். நீங்கள் ஏதாவது மகளிர் குழுவில் இருந்தால், அங்கே இருப்பவர்களும் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. அவள் பெயரோ உறவோ எங்கும் வரக் கூடாது. பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "எங்கள் மனுமீது எந்தத் தேதியில் ஆய்வு நடந்தது, ஆய்வு அறிக்கையின் நகல் தருக" என்று கேளுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் பதில் எழுதியாக வேண்டும். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே மனுவை அனுப்பிவிட்டால், ஆய்வுக்கு வருகிறவர் கூட்ட நாளிலேயே வந்து பார்க்க நேரம் இருக்கும்.